கண்ணும் கருத்தும் வாங்கும் வாணிகம்

வாணிகம் என்பது பொருளைக் கொடுத்துப் பணத்தைப் பெறுவதாகும். நெல் விற்போன் நெல்லைக் கொடுக்கிறான். துணி விற்போன் துணியைக் கொடுக்கிறான். வாங்குவோன் அதற்குரிய விலையைக் கொடுத்து மனநிறைவோடு வீடு செல்கிறான். இவ்வியல்பான முறைக்கு மாறாக, விலை ஒன்றும் கேளாமலே பாட்டும் கூத்தும் செய்தியும் நட்பும் நம் கையில் வந்து குவியுமாறு செய்யும் வாணிகம் ஒன்று இந்நாளில் உலகெங்கும் ஓங்கி வளர்ந்திருக்கின்றது. கைப்பேசியைத் திறந்த அளவிலே எண்ணிறந்த காட்சிகள் நம் முன் விரிகின்றன. ஒரு காசும் கேட்பாரில்லை. காசு கேளாத கடைக்காரன் எதை விற்றுப் பிழைக்கிறான் என்னும் வினாவை நம்மில் பலர் எழுப்புவதில்லை. அவன் விற்பது நம்மையே. நம் கண்ணும் கருத்தும் எவ்விடத்தில் எத்துணை நேரம் தங்குகின்றன என்பதை அளந்து, அதனை விளம்பரக்காரருக்கு விலைக்குக் கொடுப்பதே அவனது தொழில். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை நடத்தும் மெட்டா கம்பெனி 2023-ஆம் ஆண்டில் ஈட்டிய வருமானம் ஏறக்குறைய 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேற்பட்டது விளம்பரத்தால் வந்ததாகும்.

இவ்வாணிகம் எவ்வாறு தோன்றிற்று, எவ்வகை உபாயங்களால் மாந்தரைப் பிணிக்கின்றது, கிறிஸ்தவ நெறியில் நிற்போர் இதனை எவ்வாறு மதிப்பிடல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

இதன் வேர் நாம் நினைப்பதைவிட ஆழமானது. 1833-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பார் 'சன்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். அந்நாளில் அந்நகரத்துப் பத்திரிகைகளின் விலை ஆறு சென்டாயிருக்க, அவர் தம் இதழை ஒரு சென்டுக்கு விற்றார். வாசகரிடம் பெறும் காசைவிட, வாசகர் கூட்டத்தைக் காட்டி விளம்பரக்காரரிடம் பெறும் காசே அவருக்குப் பெரிதாயிருந்தது. கூட்டம் பெருக வேண்டுமாயின் வியப்பும் திகிலும் வேண்டும். ஆகவே காவல் நிலையத்து வழக்குகளும் கொலைச் செய்திகளும் அவ்விதழில் இடம் பெற்றன. 1835-ஆம் ஆண்டில் சந்திர மண்டலத்தில் சிறகுடைய மனிதர் வாழ்கின்றனர் என்று ஒரு கட்டுக்கதையையே தொடர்ச்சியாக வெளியிட்டு அவ்விதழ் பெரும்புகழ் எய்தியது. வாசகன் வாங்குவோன் என்னும் நிலையினின்று விற்கப்படும் சரக்கு என்னும் நிலைக்கு இறங்கியது இப்பொழுதே என்னலாம்.

அதன்பின் வானொலி வந்தது. 1930-களில் அமெரிக்க நாட்டில் சவர்க்காரக் கம்பெனிகள் இல்லத்தரசிகள் கேட்கும் பகற்பொழுதில் தொடர்கதை நாடகங்களை ஒலிபரப்பச் செய்தன. ஒவ்வொரு நாளும் கதை முடிவுறாமல் ஒரு முடிச்சோடு நிற்கும். அவிழ்வதைக் காண மறுநாள் கேட்டே ஆகவேண்டும். அந்நாடகங்களுக்குச் சவர்க்கார நாடகம் என்னும் பெயர் ஆங்கிலத்தில் இன்றளவும் வழங்கி வருகின்றது. எனினும் அக்காலத்துக் கருவிகளுக்கு ஓர் எல்லை இருந்தது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலி நாடகத்திற்குக் குறித்த நேரம் உண்டு. யாவருக்கும் ஒரே கதைதான் சொல்லப்பட்டது. கேட்போன் எப்பொழுது அலுத்துக் கொண்டான் என்பதைச் சொல்வோன் அறிய வழியில்லை. இவ்வெல்லைகள் யாவற்றையும் அழித்ததே நம் காலத்துக் கைப்பேசியின் புதுமையாகும்.

இப்புதுமையை விளங்கிக்கொள்ள உளநூலார் நடத்திய சோதனைகள் சிலவற்றை அறிதல் நலம். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் புறாக்களைக் கூண்டிலிட்டு, ஒரு பொத்தானை அலகாற் கொத்தினால் தானியம் விழுமாறு அமைத்தார். பெர்ஸ்டர் என்பாரோடு சேர்ந்து 1957-இல் அவர் வெளியிட்ட பெருநூலில் இச்சோதனைகள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. குறித்த எண்ணிக்கை முறை கொத்தியதும் தானியம் தவறாது விழுமாயின், புறா தின்றபின் சற்றே ஓய்ந்திருக்கும். எத்தனையாவது கொத்தலில் விழும் என்று அறியக்கூடாதவாறு அமைத்தாலோ, அது ஓய்வின்றிக் கொத்திக்கொண்டேயிருக்கும். தானியம் அறவே நின்றுபோன பின்னும் நெடுநேரம் கொத்துவதை விடாது. உறுதியான கூலியைவிட உறுதியற்ற கூலியே உயிர்களை மிகுதியாகப் பிணிக்கும் என்பது இதனால் தெளிவாகும். சூதாட்ட இயந்திரங்கள் இவ்விதியின் மேலேயே இயங்குகின்றன. லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்டக் கூடங்களை நெடுங்காலம் ஆராய்ந்து நட்டாஷா ஷூல் என்னும் அம்மையார் 2012-இல் ஒரு நூல் வெளியிட்டார். இயந்திரத்தின்முன் நெடுநேரம் அமர்ந்திருப்போர் வெற்றியைக்கூட நாடுவதில்லை, உலகமும் காலமும் மறைந்துபோகும் ஒரு மயக்கத்தையே நாடுகின்றனர் என்று அதில் அவர் காட்டியிருக்கிறார்.

மூளையின் இயல்பை ஆராய்வோரும் இதற்கு ஒத்ததையே கூறுகின்றனர். உல்பிராம் ஷுல்ட்ஸ் என்னும் விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமீன் என்னும் பொருளைச் சுரக்கும் மூளையணுக்களைக் கவனித்தார. முதலிற் சாறு நாவிற் பட்டபோது கிளர்ந்தெழுந்த அவ்வணுக்கள், பழகியபின் சாறு வரும் என்று அறிவிக்கும் குறியைக் கண்டபொழுதே கிளர்ந்தன. எதிர்பாராது கிடைத்தாற் பெரிதும் கிளர்ந்தன. எதிர்பார்த்தது கிடைக்காவிடிற் சோர்ந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கென்ட் பெரிட்ஜ் என்பார் மேலும் ஒருபடி சென்று, ஒன்றை வேண்டுதலும் அதனால் இன்புறுதலும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடைபெறுகின்றன என்று நிலைநாட்டினார். ஆகவே இன்பம் சிறிதும் இல்லாதவிடத்தும் வேட்கை மட்டும் வளர்ந்துகொண்டே போதல் கூடும். ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த மாணவன் ஒருவனை, "கண்டவற்றுள் மகிழ்ச்சி தந்தது எது?" என்று கேட்டால் அவன் விடை கூற அறியாது விழிப்பதன் காரணம் இதுவே.

இனி இவ்வறிவு கருவிகளில் எவ்வாறு அமைந்திருக்கின்றது என்று காண்போம். 2006-ஆம் ஆண்டில் ஆசா ராஸ்கின் என்பார் பக்கத்தின் அடியே இல்லாமற்செய்யும் உபாயத்தை வகுத்தார். முன்னர் ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கத்தைத் திறக்க விரலசைத்தல் வேண்டும். அந்தக் கணத்தில், "போதும்" என்று அறிவு சொல்ல இடமிருந்தது. பக்கம் முடிவதே இல்லையென்றாகியபின் அவ்விடம் மறைந்தது. தம் படைப்பால் விளைந்த கேட்டைக் குறித்து அவரே பின்னாளில் வருந்திப் பேசியிருக்கிறார். 2009-இல் பேஸ்புக் விருப்பக்குறியைப் புகுத்தியது. நாம் எழுதியதை எத்தனைபேர் மெச்சினர் என்று மீண்டும் மீண்டும் திறந்து பார்க்கும் வழக்கம் இதனால் எழுந்தது. இது புறா தானியத்தை நோக்குவது போன்றதேயாம். 2012-இல் யூடியூப் ஒரு காட்சியை எத்தனைபேர் திறந்தனர் என்பதைவிட எவ்வளவு நேரம் கண்டனர் என்பதையே பெரிதாக எண்ணித் தன் பரிந்துரை முறையை மாற்றியமைத்தது; நாளொன்றுக்கு 100 கோடி மணி நேரம் உலகோர் தன்னைக் காணவேண்டும் என்னும் இலக்கைச் சில ஆண்டுகளில் எய்தியும் விட்டது. ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானே தொடங்குமாறு செய்தல் மற்றோர் உபாயம். இங்கே விடுவதற்குத்தான் முயற்சி வேண்டும். தொடர்வதற்கு ஒன்றும் வேண்டுவதில்லை.

இவற்றோடு, நம் ஒவ்வோர் அசைவையும் எண்ணிக் கணக்கிடும் இயந்திர அறிவும் சேர்ந்தது. எந்தக் காட்சியில் விரல் தயங்கிற்று, எதை இருமுறை கண்டோம், எதை விரைந்து தள்ளினோம் என்பவெல்லாம் அதற்குப் பாடமாகின்றன. பழைய பத்திரிகாசிரியன் ஊரார் அனைவர்க்கும் ஒரே வலையை வீசினான். இதுவோ ஒவ்வொருவர்க்கும் அவரவர் அளவுக்கேற்ற தூண்டிலைச் சமைக்கின்றது. அசுணம் என்னும் விலங்கைப் பிடிப்போர் முதலில் யாழிசையால் அதனை மயக்கிப் பின்னர்ப் பறையறைந்து வீழ்த்துவர் என்னும் செய்தி பழந்தமிழ்ப் புலவர் அறிந்ததொன்று. அவ்வேடர்க்கேனும் எல்லா அசுணத்திற்கும் ஒரே யாழ்தான் இருந்தது.

இவையெல்லாம் பழமை விரும்புவோரின் வீண்குறை என்று எண்ண வேண்டா. அத்தொழிலோரின் வாக்குமூலமே இருக்கின்றது. பேஸ்புக் கம்பெனியின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் இயன்றமட்டும் உட்கொள்வது எப்படி என்பதே தாங்கள் அதனை அமைத்தபோது கொண்ட சிந்தை என்றும், மனித உள்ளத்தின் ஒரு பலவீனத்தை அறிந்தே பயன்படுத்தினர் என்றும் 2017-இல் வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டில் நெட்பிளிக்ஸ் கம்பெனியின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தம் கம்பெனி உறக்கத்தோடு போட்டியிடுவதாகச் சொன்னார். 2012-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பேஸ்புக் 6,89,003 பேருக்கு வரும் செய்திகளில் மகிழ்ச்சி தருவனவற்றையோ துயர் தருவனவற்றையோ குறைத்து, அதனால் அவர்தம் எழுத்தில் மாறுதல் உண்டாகிறதா என்று சோதித்தது. மாறுதல் சிறிதாயினும் உண்டாயிற்று என 2014-இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை கூறுகின்றது. சோதிக்கப்பட்டோர்க்கு அது சோதனையென்றே தெரியாது. 2021-இல் பிரான்சிஸ் ஹாகன் என்னும் அம்மையார் அக்கம்பெனியின் உட்பத்திரங்களை வெளிப்படுத்தினார். தம் உடலைக் குறித்து முன்னமே மனக்குறையுற்றிருந்த இளம்பெண்களில் மூவருள் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அக்குறையை மிகுவித்ததாக அவற்றுள் ஒன்று காட்டிற்று. அக்கம்பெனி அதற்கு வேறு பொருள் கூறி மறுத்தது; எனினும் கேள்வி எழுந்தபின் அடங்கவில்லை.

நம் நாட்டு நிலையையும் சிறிது நோக்குவோம். 2016-ஆம் ஆண்டுக்குப்பின் இந்தியாவில் இணையத்தின் விலை மிகவும் வீழ்ந்து, சிற்றூர்களிலும் கைப்பேசிக் காட்சிகள் பரவின. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் என்னும் குறுங்காட்சிச் செயலியைத் தடைசெய்தது. அதற்குக் கூறப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் தன் குறுங்காட்சிப் பகுதியை இங்கே தொடங்கிற்று; செப்டம்பரில் யூடியூபும் தன்னுடையதை உலகில் முதன்முதலாக இந்தியாவிலேயே வெள்ளோட்டம் விட்டது. ஒரு கடை மூடப்பட்டது, பழக்கம் மூடப்படவில்லை. தடை ஒன்றினாலேயே இந்நோய் தீராது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்து நியாயமானதோர் ஆட்சேபம் எழலாம். "யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, மனவுறுதி உடையோன் கைப்பேசியைக் கீழே வைத்துவிடலாமே" என்பர் சிலர். மிகுதியாகப் பார்ப்போர் அனைவரையும் நோயாளிகள் என்று கொள்ளுதல் தவறென்பது உண்மை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் காட்சிகளுக்கு அடிமையாதலே இடம் பெற்றது. பிற பழக்கங்களைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் ஒருபுறம் பதினைந்து வயதுச் சிறுவன் தன்னந்தனியே நிற்கின்றான். மறுபுறம் ஆயிரக்கணக்கான நிபுணரும், எண்ணிறந்த சோதனைகளும், அளவற்ற செல்வமும் அவன் மனவுறுதியைக் கரைப்பதற்கென்றே அணிவகுத்து நிற்கின்றன. இதனைச் சமமான போர் என்று எவ்வாறு கூறுவது? திருச்சபையின் மேடைகளில் இளைஞரின் பலவீனத்தையே இடித்துரைத்து, வலை விரித்தோரைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது விடுதல் நீதியாகாது. சிறியோர்க்கு இடறலாயிருப்பவனைக் குறித்து நம் ஆண்டவர் மொழிந்த எச்சரிக்கை மிகவும் கடுமையானது. அவ்வெச்சரிக்கை இடறுகிறவனை நோக்கியன்று, இடறலை வைக்கிறவனை நோக்கியே எழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இதனால், விழுந்தவனுக்குப் பொறுப்பே இல்லையென்பது பெறப்படுமோ? அதுவும் அன்று. மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டவன் என்பது நம் கொள்கை. அவனைக் கூண்டுப் புறாவாக எண்ணி நடத்துவதே இவ்வாணிகத்தின் முதற் பாவம். 'நான் புறாவே, என்னால் ஒன்றும் ஆகாது' என்று அவன் தானும் ஒப்புக்கொள்வானாயின், அப்பாவத்திற்கு அவனும் உடந்தையாகிறான். வனாந்தரத்தில் சோதனைக்காரன் வந்தது ஆண்டவர் பசித்திருந்த வேளையில். நம்மிடத்தும் நாம் தனித்தும் களைத்தும் சலித்தும் இருக்கும் வேளையிலேயே கைப்பேசியின் மணி ஒலிக்கின்றது. பசி பாவமன்று, பசியைக் கருவியாக்க வருவோனை இனங்காணாதிருத்தலே ஆபத்து.

பண்டைத் திருச்சபையார் இவ்வியல்பை நன்கறிந்திருந்தனர். அகுஸ்தீன் முனிவர் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அலிப்பியுஸ் என்னும் நண்பரைப் பற்றி எழுதியுள்ளார். சட்டம் பயில ரோமாபுரி சென்ற அவர், மனிதர் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்தும் களரிக் காட்சிகளை வெறுத்தவர். தோழர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றபோது, உடல் அங்கிருந்தாலும் கண்ணைத் திறவேன் என்று உறுதி பூண்டு இமைகளை மூடிக்கொண்டார். திடீரெனக் கூட்டத்தின் பேரொலி எழுந்தது. என்னவென்றறியும் ஆவலால் கண்ணைத் திறந்தார். அக்கணமே அக்கொடுமையில் மயங்கினார். பிறகு தாமே பிறரை அழைத்துச் செல்வோராயினார். கண்ணை மூடியவர் காதை மூட மறந்தார். தன் வலிமையின் மேல் வைத்த நம்பிக்கையே அவரை வீழ்த்திற்று என்பது அகுஸ்தீனின் தீர்ப்பு. அவர் பின்னாளில் விடுதலை பெற்றுத் தகாஸ்தே நகரின் அத்தியட்சராய் விளங்கினார் என்பதையும் உடன் கூறல் வேண்டும்; விழுந்தோர் எழலாம்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி மற்றொரு நோயை விவரித்திருக்கிறார். நண்பகல் நேரத்தில் துறவியைப் பற்றும் ஒருவகைச் சலிப்பு அது. பொழுது நகரவில்லை என்று தோன்றும், அடிக்கடி பலகணி வழியே எட்டிப் பார்க்கத் தூண்டும், கைத்தொழில் கசக்கும், வேறிடம் சென்றால் எல்லாம் நன்றாயிருக்கும் என்று எண்ணச் செய்யும். பலகணிக்குப் பதிலாகக் கைப்பேசி என்று வைத்துக்கொண்டால் இது நம் விடுதி மாணவரின் பகற்பொழுதேயன்றோ? அச்சலிப்புக்கு அத்துறவிகள் கண்ட மருந்து வேறொரு காட்சியைத் தேடுவதன்று. அறையை விட்டகலாது, செய்தொழிலையும் ஜெபத்தையும் பொறுமையோடு தொடர்தலேயாம். இன்றைய வாணிகமோ அச்சலிப்பையே தன் விளைநிலமாகக் கொண்டிருக்கின்றது.

இதில் இழக்கப்படுவது நேரம் மட்டுமன்று. கல்விப் பயிற்சியைப் பற்றிப் பிரெஞ்சு தேசத்துத் தத்துவ அறிஞர் சிமோன் வேய் 1942-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜெபத்தின் சாரம் கவனமே; ஆதலால் கணக்கும் மொழிபெயர்ப்பும் பயிலும் மாணவர், விடை சரியாயினும் தவறாயினும், உண்மையாய்க் கருத்தூன்றுவாராயின் ஜெபத்திற்கே தம்மை ஆயத்தப்படுத்துகின்றனர் என்பது அதன் கருத்து. துன்புறும் அயலானை நோக்கித் திரும்பும் அன்பும் அக்கவனத்தாலேயே ஆனது என்றும் அவர் கூறினார். நல்ல சமாரியனின் உவமையில் ஆசாரியனும் லேவியனும் காணாமற் செல்லவில்லை. கண்டும் விலகிச் சென்றனர். அடுத்த காட்சிக்கு விரலால் தள்ளிவிடப் பழகிய கண், வழியோரத்தில் கிடப்பவனையும் அவ்வாறே தள்ளிவிடாதோ? கவனத்தை விற்றவன் படிப்பையும் ஜெபத்தையும் அயலான் மேலுள்ள அன்பையும் ஒருங்கே விற்றவனாகிறான். நாம் அஞ்சுவது இதற்கே.

கருவிகளையே வெறுத்தல் கிறிஸ்தவர்க்கு மரபன்று. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவி, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்ததை நாம் போற்றுகிறோம். ஆயின் அந்நூல் வாசிப்போனை விடாது பிடித்து வைக்க அமைந்ததன்று. வாசித்து மூடி, எழுந்து சென்று, அதன்படி வாழ அமைந்தது. நம் கையிலுள்ளது எதுவாயினும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம்: இது நம்மை வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்புகின்றதா, அன்றி வாழ்க்கையினின்று பறிக்கின்றதா? தம் ஆராதனைக் காட்சிகளை எத்தனைபேர் கண்டனர் என்று எண்ணி மகிழும் சபைகளும் இக்கேள்வியைத் தமக்கே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

செய்யத்தக்கன சில கூறி முடிப்போம். முதலாவது, அறிவிப்பு மணிகளையும் தானே தொடரும் காட்சிகளையும் நிறுத்தி வைக்கலாம். அலிப்பியுஸைப்போல் கண்ணை மட்டும் மூடாமல் களரிக்கே செல்லாதிருக்கும் வழி இது. உறங்கும் அறையில் கைப்பேசி இராதிருப்பது பெரும்பயன் தரும். இரண்டாவது, ஓய்வுநாளை மீட்டல் வேண்டும். எகிப்தில் இடைவிடாது செங்கல் அறுத்த அடிமைகளுக்கே ஓய்வுநாள் முதலில் அளிக்கப்பட்டது; வாரத்தில் ஒருநாள் வாணிகத்திற்குப் பயன்படாதிருத்தல் விடுதலையின் அடையாளம். லெந்து காலத்தில் இறைச்சியை விடுவோர் இதனையும் விட்டுப் பார்க்கலாம். மூன்றாவது, இதனைத் தனியே செய்ய முயலாது, அறைத்தோழரும் குடும்பத்தாரும் கூடிச் செய்தல் வேண்டும். உணவுமேசையில் ஒருவர் மட்டும் நிமிர்ந்திருந்தால் பேச யாருமில்லை. நான்காவது, வலை விரிப்போரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைப் பொதுமக்களாக நாம் கேட்டல் வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலிய நாடு 2024-இல் இயற்றி, 2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்ந்து நமக்கேற்றது இன்னதெனத் தீர்மானிப்பது கற்றோர் கடமையாகும். இக்கல்லூரியினின்று வெளியேறி அக்கருவிகளையே சமைக்கும் தொழிலிற் புகும் மாணவர் பலர் உளர். தம் கைத்தொழிலால் யாருடைய உறக்கம் பறிபோகின்றது என்று அவர்கள் கேட்பார்களாயின், அதுவே சிறந்ததோர் ஊழியமாகும்.

நம் நேரம் நமக்கு அளிக்கப்பட்ட தாலந்து. அதனை மண்ணில் புதைத்தவனையே எஜமான் கடிந்துகொண்டான். பிறன் கையில் பறிகொடுத்து, கொடுத்ததையும் அறியாதிருந்தால் நாம் என்ன விடை சொல்வோம்? கண்ணும் கருத்தும் உள்ளபோதே அவற்றை உரியவர்பால் திருப்புவோமாக.